காணாமல்போன பழுப்பு: ஜெர்மன் டாங்கி மாடல்களின் நிறத் தேர்வு

1939 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த ஜெர்மன் டாங்கிகள் என்ன நிறம்? ஒரு தலைமுறைக்கு முன்பு மாடல் கட்டுபவர்களிடம் இதைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் வந்திருக்கும்: கருஞ்சாம்பல். பெட்டி மேலிருந்த ஓவியம் அதையே சொன்னது. உள்ளே மடித்து வைத்திருந்த வழிகாட்டித் தாளும் அதையே சொன்னது. போர்க்காலப் புகைப்படங்களிலும் ஒரே சீரான இருண்ட நிறத்தில்தான் வண்டிகள் நின்றன. அந்தப் பதிலில் மூன்றில் இரண்டு பங்குதான் சரி. மீதி ஒரு பங்குப் பரப்பில் அந்த டாங்கிகளுக்குக் கரும்பழுப்பு அடித்திருந்தார்கள்.

1930களின் முற்பகுதியில் ஜெர்மன் ராணுவ வண்டிகளுக்கு மண்மஞ்சள், பச்சை, பழுப்பு என்று மூன்று நிறப் பூச்சு இருந்தது. 1937இல் அதைக் கைவிட்டு, கருஞ்சாம்பலை அடிநிறமாக வைத்து, அதன்மேல் கரும்பழுப்புத் திட்டுகளை விளிம்பு மங்கலாகத் தெளிக்கும் முறைக்கு மாறினார்கள். போர் தொடங்கியபோது நடைமுறையில் இருந்தது இதுதான். 1940 ஜூலை 31 தேதியிட்ட உத்தரவு பெயின்ட் சிக்கனத்துக்காகப் பழுப்பை நிறுத்தியது. அதன் பிறகுதான் வண்டிகள் முழுச் சாம்பலாயின. அதாவது போலந்துப் போர் முழுக்கவும், பிரான்சுப் போர் முழுக்கவும் பழுப்பு இருந்தது. போருக்குப் பிறகு அரை நூற்றாண்டு அது யார் கண்ணிலும் படவில்லை.

அமெரிக்கரான தாமஸ் ஜென்ட்ஸும் அயர்லாந்துக்காரரான ஹிலாரி டாயிலும் ஜெர்மன் ஆவணக் காப்பகங்களில் ராணுவ அறிவிப்புகளைத் தேதிவாரியாகப் படித்து, டாங்கி வரலாற்றைப் புகைப்பட யூகங்களிலிருந்து மீட்டு ஆவணத்தின் மேல் நிறுத்தியவர்கள். இருவரும் சேர்ந்து வெளியிட்ட ‘பான்சர் டிராக்ட்ஸ்’ வரிசை இன்றும் மாடல் கட்டுபவர்களுக்கு அடிப்படை நூல். பழுப்பை மீட்டதில் அவர்களுடைய பங்கு பெரியது. பழுப்பு இருந்தது என்று தெரிந்த பிறகு பழைய புகைப்படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தவர்களுக்குச் சிலவற்றில், அதுவும் கழுவிச் சுத்தமாக இருந்த வண்டிகளில், திட்டுகள் லேசாகத் தெரிந்தன. எல்லாம் முன்பிருந்த அதே படங்கள்தாம்.

ஏன் முன்பே தெரியவில்லை? கறுப்பு வெள்ளைப் படச்சுருள் ஒரு பொருளின் நிறத்தைப் பதிவதில்லை. அதிலிருந்து வரும் வெளிச்சத்தின் அளவைத்தான் பதிகிறது. சாம்பலும் பழுப்பும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் படத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த இரண்டு நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவு இருண்டவை. அதற்கு மேல் சாலைப் புழுதி ஒரு படலம். ஆக, கையில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தும், அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய சாட்சிகள் இல்லை. ஆனால் பதில் சொல்வதுபோல் நின்றன.

மாடலுக்கு நிறம் தேர்வு செய்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்தக் கம்பெனியின் எந்தக் குப்பி ‘சரியான’ நிறம் என்பதில் போய் முட்டி நிற்கிறது. அது பிழையான இடத்தில் தொடங்கும் விவாதம் என்பது என் எண்ணம். ஜெர்மன் டாங்கிகளைப் பொறுத்தவரை எந்தத் தேதியில் எந்த நிறங்கள் பூசப்பட வேண்டும் என்பது உத்தரவுகளில் ஓரளவு தெளிவாக இருக்கிறது. எந்தச் சாயலில் என்பதற்கு ஒற்றை விடை போர்க்காலத்திலேயே இருக்கவில்லை. கிடைக்கக்கூடிய உறுதியைத் தேடாமல் கிடைக்காததைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உத்தரவுகள் நிறங்களை எண்களால் குறிப்பவை. அந்த எண்களைத் தந்த அமைப்பு ரால். 1925இல் வைமார் ஜெர்மனியில், வாங்குபவரும் விற்பவரும் பொருள்களின் தரத்தைப் பற்றிச் சச்சரவில்லாமல் பேசுவதற்காக உருவான அமைப்பு அது. ராணுவத்துக்கென்று தொடங்கியதல்ல. 1927இல் 40 நிறங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். தொழிற்சாலை ஒன்று பெயின்ட் கம்பெனிக்கு நிறத்தை விவரித்துக் கடிதம் எழுத வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் போதும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு இலக்கம் கொண்டிருந்த எண்கள் பின்னர் நான்கு இலக்கமாயின. 46 என்றிருந்த கருஞ்சாம்பல் 7021 ஆனது. 45 என்றிருந்த கரும்பழுப்பு 7017. ராணுவம் 1941 பிப்ரவரியில் புது எண்களுக்கு மாறியது.

நான்கு இலக்க முறையில் முதல் இலக்கம் நிறக் குடும்பத்தைச் சொல்லும். 1 என்றால் மஞ்சள், 6 பச்சை, 7 சாம்பல், 8 பழுப்பு. இப்போது அந்தக் ‘கரும்பழுப்பின்’ எண்ணைத் திரும்பப் பாருங்கள்: 7017. அதைத் தொகுத்தவர்களே பழுப்புக் குடும்பத்தில் சேர்க்காமல் சாம்பல் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். சாக்லேட் நிறத்தில் பளிச்சென்று திட்டுகள் போட்ட போலந்துப் போர் மாடல்களைப் பார்க்கும்போது இந்த எண்தான் எனக்கு நினைவுக்கு வரும். உண்மையான வண்டியில் பழுப்பு அவ்வளவு தெளிவாக இருந்திருந்தால் அது ஐம்பது ஆண்டுகள் காணாமல் போயிருக்காது. மாடலிலும் அது அருகே வந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரிய வேண்டும்.

ஆப்பிரிக்கக் கட்டம் குறுகியது. 1941 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திரிப்போலியில் இறங்கிய டாங்கிகள் ஐரோப்பியக் கருஞ்சாம்பலிலேயே இறங்கின. மார்ச் 17 உத்தரவு மஞ்சள் கலந்த பழுப்பான 8000ஐயும், மூன்றில் ஒரு பங்குக்குச் சாம்பல் கலந்த பச்சையான 7008ஐயும் விதித்தது. ஓராண்டு கழித்து, 1942 மார்ச்சில், அவற்றின் இடத்தில் 8020, 7027 என்ற இரண்டு நிறங்கள் வந்தன. அதற்காகப் பழைய பெயின்ட் இருப்பை யாரும் கடலில் கொட்டியிருக்க மாட்டார்கள். 1942இன் பிற்பகுதி ஆப்பிரிக்க வண்டிக்கு இரண்டில் எது என்று அடித்துச் சொல்பவரை நான் சற்றுத் தயக்கத்துடன்தான் கேட்பேன்.

இந்த எண்களையும் பின்னால் வந்த நிறங்களின் எண்களையும் வைத்துக்கொண்டு இன்றைய ரால் நிற அட்டையில் தேடினால் வேறொரு சிக்கல். 7021 இருக்கிறது. பச்சையான 6003, பழுப்பான 8017, செம்பழுப்பான 8012 ஆகியவையும் இருக்கின்றன. 8000, 7008 இரண்டும் இருந்தாலும் பெயர் மாறிவிட்டன: அன்றைய மஞ்சள்பழுப்பு இன்று பச்சைப்பழுப்பு, அன்றைய சாம்பல்பச்சை இன்று காக்கிச் சாம்பல். 7017, 7027, 8020 ஆகியவை போருக்குப் பிந்தைய தொகுப்பில் இல்லவே இல்லை. எல்லாவற்றையும் விட மாடல் கட்டுபவர்களுக்கு அதிகம் தேவைப்படும் 7028உம் இல்லை.

7028தான் டுங்கெல்கெல்ப் என்ற கருமஞ்சள். 1943 பிப்ரவரி 18 உத்தரவுடன் ஜெர்மன் டாங்கிகளின் தோற்றம் அடியோடு மாறியது. அதுவரை தொழிற்சாலையை விட்டுச் சாம்பலாக வெளிவந்தவை இனி கருமஞ்சளாக வெளிவரும். அதன்மேல் போடுவதற்கு ஒலிவப்பச்சையும் செம்பழுப்பும் படைப்பிரிவுகளுக்குத் தனியாக அனுப்பப்படும். டைகர், பாந்தர், நான்காம் வகைப் பான்சர் என்று இன்று கடையில் கிடைக்கும் ஜெர்மன் மாடல்களில் பெரும்பகுதி இந்த உத்தரவுக்குப் பிந்தைய இரண்டே கால் ஆண்டுக்குள் அடங்குபவை. எனவே கருமஞ்சள் எப்படி இருந்தது என்பது சின்னக் கேள்வி இல்லை.

இங்கும் முதல் இலக்கம் 7. மஞ்சள் என்று பெயர் வைத்துக்கொண்டு சாம்பல் குடும்பத்தில் உட்கார்ந்திருக்கும் நிறம் இது. கடுகு மஞ்சளில் அடித்த டைகர் மாடல்கள் கண்காட்சிகளில் எப்போதும் உண்டு. எண்ணைக் கவனித்தவர் அந்தப் பக்கம் போக மாட்டார். சாம்பலும் பச்சையும் லேசாகக் கலந்த, உலர்ந்த மணலுக்கு நெருக்கமான, மஞ்சளா என்று கேட்டால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல முடியாத ஒரு நிறம். அதற்குள்ளும் வேறுபாடு. தொழிற்சாலைகளுக்குப் பல கம்பெனிகள் பெயின்ட் கொடுத்தன. கச்சாப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு, ரயில் பாதைகளில் குண்டுவீச்சு. இந்த நிலைமையில் காசெலில் பூசிய கருமஞ்சளும் நியூரம்பர்க்கில் பூசியதும் ஒன்றுபோலவே இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் வினோதம்.

அடிநிறத்துக்காவது தொழிற்சாலை இருந்தது. மேலே போடும் இரண்டு நிறங்களின் கதையைக் கேட்டால் ‘சரியான சாயல்’ என்ற பேச்சே கரைந்துவிடும். அவை கெட்டிப் பசையாக 2 கிலோ, 20 கிலோ டின்களில் அனுப்பப்பட்டன. முன்னணியில் இருந்தவர்கள் அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்துத் தெளிக்க வேண்டும். பெட்ரோலில் கரைத்தால் சீக்கிரம் காய்ந்து பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கரைத்தால் அவ்வளவு உறுதி இல்லை. 1943 கோடையில் டாங்கிக்கே பெட்ரோல் அளந்து கொடுத்த நேரத்தில் பெயின்ட் கரைக்க எவ்வளவு கிடைத்திருக்கும்? அது படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறும். கெட்டியாகக் கரைத்த பச்சை அடியிலுள்ள மஞ்சளை முழுக்க மறைக்கும். நீர்க்கக் கரைத்தது மஞ்சளோடு கலந்து வேறொரு வெளிறிய பச்சையாகத் தெரியும். ஒரே டின், ஒரே நாள், ஒரே ஆள். அப்படியிருந்தும் காலையில் அடித்த வண்டிக்கும் மதியம் அடித்ததற்கும் நிறம் வேறாக இருக்கலாம். சில இடங்களில் ஸ்ப்ரே கன் இருந்தது, சில இடங்களில் பிரஷ்தான். வடிவம் என்ன என்பதையும் பெரும்பாலும் படைப்பிரிவே முடிவு செய்தது: கோடுகள், வலைப்பின்னல், பெரிய திட்டுகள், சிலவற்றில் வெறும் மஞ்சள்.

ஏர்பிரஷ் வைத்திருக்கும் மாடல் கட்டுபவருக்கு இது வரம். அன்றைய சிப்பாய் செய்ததை அவரும் செய்யலாம்: பச்சையை மிக நீர்க்கக் கரைத்து, அடிநிறம் ஊடே தெரியும்படி, இரண்டு மூன்று படலங்களாக, இடத்துக்கு இடம் அடர்த்தி மாற்றித் தெளிக்கலாம். குப்பியிலுள்ள பச்சை ராலுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது அங்கே கிட்டத்தட்டப் பொருளற்றுப்போகிறது. குப்பியைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியைக் கரைப்பதில் செலவிட்டால் மாடல் மேம்படும்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் அசல் டாங்கியைப் பார்த்தால் தீர்ந்தது என்று சிலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தின் பொவிங்டன், பிரான்சின் சோமூர், ஜெர்மனியின் முன்ஸ்டர், ரஷ்யாவின் குபிங்கா ஆகிய இடங்களில் நிற்பவை அசல் எஃகு. மேலே இருக்கும் பெயின்ட் பெரும்பாலும் பிற்காலத்தது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, இன்று பொவிங்டனில் இயங்கும் நிலையில் இருக்கும் டைகர் 131க்கே ஒரு தடவைக்கு மேல் மறுபூச்சு நடந்திருக்கிறது. அதே அருங்காட்சியகத்திலுள்ள பாந்தர் இன்னும் வேடிக்கை. போர் முடிந்த பிறகு, ஹனோவர் தொழிற்சாலையில் மிச்சமிருந்த பாகங்களைக் கொண்டு பிரிட்டிஷ் மேற்பார்வையில் பூட்டப்பட்டது அது. எந்த ஜெர்மன் படைப்பிரிவின் நிறத்தையும் அது சுமந்ததே இல்லை.

மறைவான இடத்தில், ஒரு தகட்டுக்கு அடியில், தப்பிப் பிழைத்த அசல் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தால்? வலுவான சான்றுதான், ஆனால் அதற்கும் வயதாகிறது. ஆளிவிதை எண்ணெய் சார்ந்த பெயின்ட்டுகள் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளித்துப்போகும் இயல்புடையவை. வெளிச்சம் பட்ட இடத்தில் நிறமி நிலைத்தாலும், அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் சிதைந்து மேற்பரப்பு மாவுபோல வெளிறும். இருட்டில் இருந்த சில்லு ஒரு பக்கம் பொய் சொல்கிறது, வெயிலில் இருந்தது இன்னொரு பக்கம். வேறுபாட்டை உணர்ந்து படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் உதவும்.

வண்ணப் புகைப்படங்கள்? கோடாக்குரோம் 1935இலும் புது ஆக்ஃபாகலர் 1936இலும் வந்துவிட்டன. ஜெர்மன் ராணுவத்தின் புகைப்படக்காரர்கள் ‘சிக்னல்’ போன்ற பத்திரிகைகளுக்காக வண்ணத்தில் படமெடுத்தார்கள். அந்தச் சுருள்களிலுள்ள மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை என்பதால் எண்பது ஆண்டுகளில் சமநிலை குலைந்திருக்கும். அதற்குமேல் அச்சு, ஸ்கேன், கணினித் திருத்தம். கருஞ்சாம்பல் டாங்கி நீல நிறமாகத் தெரியும் படங்கள் பிரபலமானவை. அவற்றைப் பார்த்து நீலச் சாம்பல் அடித்த தலைமுறையே உண்டு. நடுநிலைச் சாம்பலுக்குச் சொந்த நிறம் குறைவு, வந்து விழும் ஒளியின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். தெளிந்த வானத்தின் கீழ் நிழலில் நிற்கும் சாம்பல் வண்டிமேல் விழுவது நீல ஒளி. அது பெயின்ட்டின் நீலம் இல்லை, வானத்தினுடையது. ஆனாலும் வண்ணப் படங்களை நான் ஒதுக்க மாட்டேன். ஒரே படத்துக்குள் இரண்டு நிறங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, எது எதைவிட இருண்டது, புழுதி எங்கே எவ்வளவு என்பதை அவை ஓரளவு நம்பகமாகவே சொல்கின்றன. தனி நிறத்தைக் கேட்டால்தான் பொய்.

போரின் கடைசிக் கட்டத்துக்கு வருவோம். 1943 இலையுதிர் காலத்திலிருந்து டாங்கிகளின் செங்குத்துப் பரப்புகளில் சிம்மெரிட் என்ற சாந்து பூசினார்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கண்ணி இரும்பைத் தொடாமல் தடுப்பது நோக்கம். பேரியம் சல்ஃபேட், பாலிவினைல் அசிடேட், மஞ்சள் காவி, துத்தநாக சல்ஃபைடு, மரத்தூள் ஆகியவை அதன் கலவை. காவி இருந்ததால் சாந்துக்கே மஞ்சள் சாயல் உண்டு. எனவே சிம்மெரிட் பெயர்ந்த இடத்தை மாடலில் காட்டும்போது உடைந்த விளிம்பு வெள்ளையாக இராது. அடியில் பிரைமரின் செம்பழுப்பு தெரியும். 1944 செப்டம்பரில் சிம்மெரிட் நிறுத்தப்பட்டது. தேதி தெரிந்தால் நிறம் மட்டுமல்ல, மேற்பரப்பின் இழையும் முடிவாகிவிடுகிறது.

1944 ஆகஸ்டில் மறைநிறத் திட்டுகளைத் தொழிற்சாலையிலேயே போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வான்வெளி நேச நாடுகளின் கையில் இருந்தது; மரத்தடியில் நிற்கும் வண்டிமேல் இலைகளின் ஊடே விழும் வெயில் புள்ளிகளைப் போலவே வண்ணப் புள்ளிகளை இட்ட ‘ஒளியும் நிழலும்’ முறை அப்போதுதான் வந்தது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பாணி வேறு. செக் நாட்டில் ஸ்கோடா, பி.எம்.எம். ஆகிய இரண்டு இடங்களில் ஒரே வகை வேட்டை டாங்கி தயாரானது. அவை எங்கே செய்யப்பட்டவை என்பதைத் திட்டுகளின் வடிவத்தைக் கொண்டே பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அக்டோபர் 31 உத்தரவு இன்னும் ஒரு படி இறங்கியது: கருமஞ்சள் அடிநிறத்தை விட்டுவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் மேலேயே திட்டுகளைப் போடலாம். டாங்கிக்குள் அடிக்கும் தந்த நிறப் பூச்சும் நின்றது. டிசம்பர் 20இல் மறுபடி மாற்றம். இப்போது அடிநிறம் கரும்பச்சை, அதன்மேல் கூர்மையான விளிம்புகளோடு பழுப்பும் மஞ்சளும். இந்த நான்கைந்து மாதங்கள் மாடல் கட்டுபவர்களின் சொர்க்கம். பிரைமரின் சிவப்பு பளிச்சிடும் பெரிய டைகர்கள் பத்திரிகை அட்டைகளை நிறைக்கின்றன. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. உத்தரவு இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. அந்தக் காலத்தில் மாதந்தோறும் வெளிவந்த பெரிய டைகர்கள் குறைவு. அவற்றிலும் கிடங்கில் பழைய பெயின்ட் இருந்த இடங்களில் பழையபடியே அடித்திருப்பார்கள். மாடல்களில் காணும் அளவுக்கு அந்தச் சிவப்பு போர்க்களத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. அலங்காரத்துக்கு ஆவணம் ஒன்று கிடைத்தால் அலங்காரம் கொஞ்சம் கூடுதலாகவே பரவுகிறது.

இனி மேசைக்கு வரலாம். 1961இல் ஜப்பானின் தமியா கம்பெனி தன் பாந்தர் மாடலை வெளியிட்டது. மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் வயிற்றுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு பிறகு கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்தது; அதுவே உலகத் தரமாகிவிட்டது. பேட்டரி தீர்மானித்த அந்த அளவுதான் இன்று நிறப் பிரச்சினையின் இன்னொரு முனை. அசல் பெயின்ட்டையே கொண்டுவந்து மாடலில் பூசினால் சரியாக இருக்குமா? அனுபவப்பட்டவர்கள் இல்லை என்கிறார்கள். இருண்டு தெரியும், கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிற வைக்க வேண்டும் என்பார்கள். மாடல் சிறுக்கச் சிறுக்க இத்தனை விழுக்காடு வெள்ளை என்று அட்டவணைகளே உண்டு.

வழக்கமாகச் சொல்லும் காரணம் காற்று. தூரத்து மலை வெளிறித் தெரிவதுபோலத் தூரத்து டாங்கியும் வெளிறும், மாடலைப் பார்ப்பது தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 35இல் ஒரு பங்கு மாடலை 30 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் அது அசலைப் பத்தரை மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 72இல் ஒரு பங்கானாலும் 21.6 மீட்டர்தான். தெரு எதிர்ப்பக்கத்து வீட்டின் நிறம் காற்றினால் மங்குவதில்லை. வெளிற வைக்கும் பழக்கம் சரி. சொல்லும் காரணம்தான் நிற்காது. பெயின்ட் கடையில் நிற அட்டையின் சின்னச் சதுரத்தைப் பார்த்து வாங்கிய நிறம் முழுச் சுவரில் அடித்ததும் எதிர்பார்த்ததைவிட வெளிச்சமாகவும் அழுத்தமாகவும் தெரிவதை வீடு கட்டியவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள். பரப்பு பெரிதானால் கண் நிறத்தை வேறு மாதிரி உணர்கிறது. மாடலில் நடப்பது அதன் தலைகீழ். ஆறு ஏழு மீட்டர் நீள வண்டியின் நிறம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும்போது இருண்டு, உயிரற்றுப்போகிறது. அதோடு, திறந்தவெளிச் சூரிய ஒளியைவிட அறை வெளிச்சம் பல மடங்கு குறைவு.

எவ்வளவு வெளிற வைப்பது என்பதற்கு அட்டவணை உதவாது, ஏனென்றால் அடிநிறத்தோடு வேலை முடிவதில்லை. இடுக்குகளில் இறங்கும்படி விடும் நீர்த்த கருநிறக் கழுவல் முழு மாடலையும் ஒரு படி இருட்டாக்கும். பளபளப்பு வார்னிஷ் நிறத்தை ஆழமாக்கும். மங்கல் வார்னிஷ் மேற்பரப்பில் வெள்ளொளியைச் சிதறடித்து வெளிற வைக்கும். கடைசியில் வரும் புழுதி இரண்டையும் மாற்றும். எனவே மிச்சமான பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் எல்லாப் படிகளையும் வரிசையாகச் செய்து பார்ப்பதே வழி. அதையும் மாடல் கடைசியாக வைக்கப்படும் இடத்தின் விளக்கொளியில் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு கம்பெனிக் கருமஞ்சள்கள் எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒன்று பச்சையாகவும் மற்றது சிவப்பாகவும் விலகக் காரணம், அவற்றில் கலந்திருக்கும் நிறமிகள் வேறு வேறு என்பதுதான். ரால் அட்டைக்கு மிகத் துல்லியமாகப் பொருந்தியது என்று விளம்பரம் செய்யும் குப்பியும் ஒரு குறிப்பிட்ட ஒளியின் கீழ்தான் பொருந்தியிருக்கும்.

ஏன் ஜெர்மன் டாங்கிகள் மட்டும் இவ்வளவு? சோவியத் டாங்கிகள் பெரும்பாலும் 4பி.ஓ. என்ற ஒரே பச்சை, அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் ஒலிவ் டிராப். போரை வென்ற இந்த இருவரிடமும் நிற வகை குறைவு. தோற்றவர்கள் ஆறு ஆண்டுகளில் அரை டஜன் தடவை மாற்றினார்கள். அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் பெயின்ட் தட்டுப்பாடு, வான்பலம் இழப்பு, பின்வாங்கல் என்று ஏதாவது இருக்கிறது. ஓவியக் கண்ணுக்கு அது விருந்து. அந்த விருந்தில் இன்னொன்றையும் மறக்க இயலாது: இந்த வண்டிகள் போலந்திலும் உக்ரைனிலும் எந்த ஆட்சிக்குப் பாதை திறந்தன என்பது. நிறத்தில் மூழ்கிப்போவது வரலாற்றிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழியாகவும் சிலருக்கு ஆகிவிடுகிறது. உத்தரவுகளைத் தேதியோடு படிப்பவருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் டி வகைப் பாந்தர். காட்ட விரும்புவது 1943 ஜூலை, கூர்ஸ்க். இந்தப் போரில்தான் பாந்தர் முதன்முதலாக இறங்கியது, 51, 52 ஆகிய இரண்டு டாங்கிப் பட்டாலியன்களில் 200 வண்டிகளாக. தேதியைப் பார்த்ததும் பாதி முடிந்துவிடுகிறது. பிப்ரவரி உத்தரவுக்குப் பிந்தையது என்பதால் அடிநிறம் கருமஞ்சள், சாம்பலுக்கு இடமில்லை. சிம்மெரிட் தொடங்கவில்லை என்பதால் வெறும் எஃகுப் பரப்பு. திட்டுகள் தொழிற்சாலையில் போட்டவை அல்ல, படைப்பிரிவு தெளித்தவை. விளிம்பு மங்கலாக, அடர்த்தி சீரற்று இருக்கலாம். வண்டிகள் புதியவை, களத்தில் இறங்கிச் சில நாட்களிலேயே பெரும்பகுதி பழுதாகியோ அடிபட்டோ நின்றவை. எனவே பல ஆண்டு உழைத்த துருவும், பெயின்ட் உரிந்த விளிம்புகளும் இங்கே பொய். வேண்டியது புழுதி. அந்தப் பகுதியின் மண் ஈரத்தில் கறுப்பு, காய்ந்து பறந்தால் சாம்பல்பழுப்பு. சக்கரங்களிலும் கீழ்த்தகட்டிலும் அது கருமஞ்சளை ஏறக்குறைய மூடியிருக்கும். கோபுரத்தில் மட்டும் மூன்று நிறங்களும் தனித்தனியாகத் தெரியும். நான் செய்வதானால் கருமஞ்சளைச் சாம்பல் பக்கம் சாய்த்து, நினைத்ததைவிட ஒரு படி வெளிச்சமாகக் கலப்பேன். பச்சையை நீர்க்கவும், செம்பழுப்பை அதைவிடச் சிறிது கெட்டியாகவும் தெளிப்பேன். எந்தக் கம்பெனிக் குப்பி என்பதை அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதற்கு விட்டுவிடுவேன்.